நோட்டில் ஐந்து வரி: பெருந்தொற்றில் எங்கள் தெரு டாக்டர் எப்படி மாறினார்

போன மாதம் அப்பாவின் பழைய ரிப்போர்ட் ஒன்றைத் தேடி அலமாரியைக் குடைந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு கிடைத்தது. 2021 மே மாதம், என் கையெழுத்து. ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது:

4ஆம் நாள்: உட்கார்ந்து 97, நடந்து 97
5ஆம் நாள்: உட்கார்ந்து 97, நடந்து 96
6ஆம் நாள்: உட்கார்ந்து 96, நடந்து 95
7ஆம் நாள்: உட்கார்ந்து 96, நடந்து 94
8ஆம் நாள்: உட்கார்ந்து 95, நடந்து 91

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் காட்டிய ஆக்சிஜன் அளவு இது. முதல் எண் சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்தது. இரண்டாவது, ஹாலுக்குள்ளேயே ஆறு நிமிடம் நடந்தபிறகு எடுத்தது. முதல் எண்ணை மட்டும் பாருங்கள். ஐந்து நாளும் 'நார்மல்'தான். எந்த நாள் போய் எந்த டாக்டரிடம் காட்டியிருந்தாலும் "ஒண்ணும் இல்ல, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பியிருப்பார்.

அப்பாவுக்கு அப்போது 74 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. எட்டாம் நாள் சாயங்காலம் இந்த எண்ணை அனுப்பிய ரெண்டாவது நிமிடம் எங்கள் குடும்ப டாக்டரிடமிருந்து போன். "இப்பவே கிளம்புங்க சார். காலைல பார்த்துக்கலாம்னு இருக்காதீங்க." அன்று ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு படுக்கை கிடைத்தது. விடியற்காலையில் உட்கார்ந்த நிலையிலேயே 89க்கு இறங்கியிருந்தது. ஆனால் அதற்குள் அப்பா ஆக்சிஜனில் இருந்தார். ஒன்பது நாள் கழித்து வீடு திரும்பினார்.

ரொம்ப நாளாக, அப்பா பிழைத்ததற்கு ஆஸ்பத்திரி ஆக்சிஜன்தான் காரணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டைத் திரும்பப் பார்த்தபோது வேறு மாதிரி தோன்றியது. சரியான நாளில் அங்கே போய்ச் சேர்ந்தோம், அதுதான் பாதி. அந்த நாளைக் கண்டுபிடித்தது அஸ்தினாபுரத்தில் ஒரு குறுக்குத் தெருவில் 150 ரூபாய் ஃபீஸ் வாங்கும் டாக்டர். அவர் தன் வேலைமுறையை எப்படி மாற்றிக்கொண்டார், ஏன் அது வேலை செய்தது என்று யாராவது எழுதிவைக்க வேண்டும். நான் டாக்டர் இல்லை, பி.இ. படித்துவிட்டு மென்பொருள் எழுதுகிறவன். மருத்துவ ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பத்துக்குப் பத்து அறை

2020 மார்ச்சுக்கு முன்னால் அந்த க்ளினிக் எப்படி இருக்கும்னு இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டின் முன்னறையில் ஒரு பெஞ்ச், நாலு பிளாஸ்டிக் நாற்காலி. சாயங்காலம் ஆறு மணிக்கு இருபது பேர். காய்ச்சல், இருமல், பி.பி. மாத்திரை, மருத்துவச் சான்றிதழ் எல்லாம் ஒரே வரிசை. உள்ளே பத்துக்குப் பத்து அறையில் டாக்டர். தலைக்கு மேல் ஃபேன், மூடிய ஜன்னல்.

மூச்சுக் காற்றில் பரவும் நோய்க்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. அதன் விலையும் தெரிந்ததுதான். 2020 ஆகஸ்டில் இந்திய மருத்துவ சங்கம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதுவரை கோவிட்டால் இறந்த டாக்டர்கள் 196 பேர். அவர்களில் 170 பேர் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். சுமார் 40 சதவீதம் பேர் பொது மருத்துவர்கள். அதாவது கவச உடை போட்ட தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர்கள் மட்டும் இல்லை, நம்ம தெருவில் ஸ்டெதாஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தவர்களும்தான்.

எங்கள் டாக்டருக்கு அப்போது 66 வயது. ஊரடங்கு வந்ததும் க்ளினிக்கைப் பதினொரு நாள் மூடினார். அவர் மகன் அமெரிக்காவிலிருந்து "போதும்ப்பா, நிறுத்திடுங்க" என்று சொன்னதாகக் கம்பவுண்டர் அண்ணா பின்னால் சொன்னார். பன்னிரண்டாம் நாள் கேட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் கம்பவுண்டரின் போன் நம்பர், கீழே மூன்று வரி: சர்க்கரை, பி.பி.க்கு காலை போனில். காய்ச்சல் இல்லாதவர்கள் பதினொரு மணிக்கு. காய்ச்சல் உள்ளவர்கள் சாயங்காலம், போன் பண்ணி நேரம் வாங்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக.

இவ்வளவுதான் முதல் மாற்றம். இங்கிலாந்தில் அதே மார்ச் மாதம் தேசிய சுகாதார சேவை தன் குடும்ப மருத்துவர்களிடம் சொன்னதும் இதே விஷயம்தான்: முதலில் போனில் பேசிப் பிரியுங்கள், பிறகு தேவைப்பட்டவர்களை மட்டும் நேரில் பாருங்கள். அங்கே சுற்றறிக்கை, இங்கே அட்டை.

போர்ட்டிகோவில் மேஜை

இரண்டாவது மாற்றம், காய்ச்சல் நோயாளிகளுக்கான மேஜையைக் கார் நிறுத்தும் போர்ட்டிகோவுக்குக் கொண்டுவந்தார். 2020 ஏப்ரலில் எல்லோரும் கை கழுவுவதையும் காய்கறி கழுவுவதையும் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. உலக சுகாதார நிறுவனம் தன் விளக்கப் பக்கத்தில் காற்றுவழிப் பரவலைத் தெளிவாக எழுதியதே 2021 ஏப்ரல் கடைசியில்தான். இவருக்கு எப்படி முன்னாலேயே தோன்றியது?

கேட்டேன். "தாம்பரம் சானடோரியம் பக்கத்துல இருந்துக்கிட்டு இதைக் கேக்கறீங்களே" என்று சிரித்தார்.

நாம் ரயில் நிலையத்தின் பெயராக மட்டுமே பார்க்கும் அந்தச் சானடோரியம், டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, வெளிச்சம், சத்தான சாப்பாடு, ஓய்வு, இவைதான் சிகிச்சை. காற்று காசநோயைக் குணப்படுத்தியதா என்பது சந்தேகம். ஆனால் திறந்த இடத்தில் நோய்க்கிருமி நீர்த்துப்போகும் என்பதில் சந்தேகம் இல்லை. காசநோய் வார்டில் வேலை பார்த்த பழைய டாக்டர்களுக்கு ஜன்னலைத் திறந்துவைப்பது பழக்கத்தில் ஊறிய விஷயம்.

மழைக்காலம் வந்தபோது போர்ட்டிகோவில் உட்கார முடியவில்லை. அப்போதுதான் நான் ஒரு சின்னக் கணக்கோடு போனேன். அறை பத்துக்குப் பத்து, உயரம் பத்து அடி, ஆக மொத்தம் 1,000 கன அடி. கடையில் பார்த்த எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்கு 400 கன அடி தள்ளும்னு பெட்டியில் போட்டிருந்தது. பெட்டியில் போட்டிருப்பதை நம்பாமல் பாதி என்று வைத்துக்கொண்டாலும் 200. மணிக்கு 12,000 கன அடி. அதாவது அறையின் மொத்தக் காற்றும் மணிக்குப் பன்னிரண்டு தடவை மாறும். அந்த வேகத்தில், ஒருவர் இருமிவிட்டுப் போனபிறகு மிதக்கும் துகள்களில் 99 சதவீதம் வெளியேற 23 நிமிடம் ஆகும். ஆறு தடவைதான் மாறும் என்றால் 46 நிமிடம். ஒரு நிபந்தனை, எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். உள்ளே வரக் காற்று இல்லாமல் ஃபேன் எதை வெளியே தள்ளும்?

ஃபேன் மாட்டினார். காய்ச்சல் நோயாளிகளுக்கு அரை மணிக்கு ஒருவர் என்று இடைவெளி வைத்தார்.

போனில் மருந்து சொல்லலாமா?

மூன்றாவது மாற்றம் போன். இதில் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. பலருக்குத் தெரியாது. நோயாளியை நேரில் பார்க்காமல் போனில் மருந்து சொல்வது சரியா என்பது இந்தியாவில் தெளிவாக எழுதப்படாமலே இருந்தது. 2018இல், போனில் சிகிச்சை சொன்னது தொடர்பான ஒரு மரண வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் டாக்டர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்குப் பிறகு பல டாக்டர்கள் போனில் வாயைத் திறக்கவே பயந்தார்கள்.

2020 மார்ச் 25, நாடு தழுவிய ஊரடங்கின் முதல் நாள். அன்றுதான் மத்திய அரசு தொலைமருத்துவத்துக்கான நடைமுறை வழிகாட்டுதலை வெளியிட்டது. படித்துப் பார்த்தால், ஒரு நல்ல அணுகல் அனுமதிப் பட்டியல் மாதிரி நேர்த்தியாக இருக்கிறது. பாராசிட்டமால், உப்பு-சர்க்கரைக் கரைசல் மாதிரி மருந்துகளை எந்த வழியில் பேசினாலும் சொல்லலாம். இன்னொரு பட்டியலில் உள்ளவற்றை முதல் தடவையே எழுத வேண்டுமென்றால் வீடியோவில் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நேரில் பார்த்த நோயாளிக்கு, அதே நோய்க்கு, ஆறு மாதத்துக்குள் என்றால் அது 'தொடர் ஆலோசனை'. அதற்குச் சலுகை அதிகம். போதை தரும் மருந்துகளுக்கு எப்படியும் அனுமதி கிடையாது.

கவனியுங்கள், இந்த விதிகள் யாருக்குச் சாதகம்? முன்பின் தெரியாத ஆப் டாக்டரைவிட, உங்களை ஏற்கெனவே தெரிந்த டாக்டருக்குத்தான். எங்கள் டாக்டரிடம் குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று கம்பவுண்டர் அண்ணா எழுதிய பழைய நோட்டுகள் இருந்தன. என் அப்பாவுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பது அதில் இருக்கிறது. போனில் அவர் கேட்ட கேள்விகளெல்லாம் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டவை.

போன் தோற்ற இடமும் உண்டு. பக்கத்து வீட்டு மாமாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. "நெஞ்சு எரியுது, வாயு போல இருக்கு" என்றார். போனில் வாயு மருந்துதான் சொல்லப்பட்டது. மாரடைப்பு. மறுநாள் ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். டாக்டர் இதை யாரிடமும் மறைக்கவில்லை. "கை வெச்சுப் பார்த்திருந்தா விட்டிருக்க மாட்டேன்" என்று என்னிடமே சொன்னார். அடுத்த நாள் அட்டையில் நாலாவது வரி சேர்ந்தது: நாற்பது வயதுக்கு மேல் நெஞ்சில் எந்தத் தொந்தரவு என்றாலும் போன் வேண்டாம், நேராக ஈ.சி.ஜி.

ஒரு எண் போதாது

இப்போது நோட்டுக்கு வருவோம். கோவிட்டின் குணம் விசித்திரமானது. முதல் நாலைந்து நாள் சாதாரணக் காய்ச்சல் மாதிரி இருக்கும். ஆபத்து வந்தால் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தை ஒட்டித்தான். அதுவும் மூச்சுத்திணறல் தெரிவதற்கு முன்னாலேயே ஆக்சிஜன் இறங்கிவிடலாம். ஆக, மூன்றாம் நாள் ஒருதடவை பார்த்து மருந்து எழுதி அனுப்பும் பழைய முறை இங்கே செல்லாது.

கையில் இருந்த கருவி ஆக்சிமீட்டர். அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் கண்டுபிடித்தவர் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அவோயாகி. ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடித் துடிப்போடு சேர்ந்து மாறும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு வந்துவிடும். உலகமே அவர் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரலில்தான் அவர் இறந்தார்.

ஆனால் இந்தக் கருவிக்கு ஒரு குறை உண்டு, அது நம்மைத் தொடும் குறை. 2020 டிசம்பரில் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது ரத்தப் பரிசோதனையில் 88க்கும் கீழே இருந்தவர்கள், கறுப்பின நோயாளிகளில் சுமார் 12 சதவீதம், வெள்ளையர்களில் 4 சதவீதத்துக்கும் குறைவு. தோலின் கருமை அளவைக் கூட்டிக் காட்டுகிறது. நம்மில் பலருக்கும் இது பொருந்தக்கூடும்.

இதற்கு என்ன செய்வது? ஒரே ஆள், ஒரே விரல், ஒரே கருவி என்றால் பிழையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதனால் எண்ணைவிட எண்ணின் இறக்கத்தை நம்பலாம். எங்கள் வேலையில் சர்வர் விழுந்தபிறகு அலாரம் அடித்துப் பிரயோஜனம் இல்லை. விழப்போகிற சரிவைப் பார்க்க வேண்டும், அதுவும் சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும். ஆறு நிமிட நடை என்பது அதுதான். ஓய்வில் சமாளித்துவிடும் நுரையீரல், வேலை கொடுத்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே அளவு குறைந்தவர்களையும் மூச்சு வாங்குபவர்களையும் நடக்கவைக்கவே கூடாது என்பதை டாக்டர் ஒவ்வொரு தடவையும் சொல்வார்.

இரண்டாம் அலையில் அவரிடம் இரவல் கொடுக்க ஐந்து ஆக்சிமீட்டர் இருந்தன. நான் 2,400 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கிச் சேர்த்தேன். தினம் ராத்திரி ஏழு மணிக்குள் எல்லா வீட்டிலிருந்தும் எண்கள் வாட்ஸ்அப்பில் வர வேண்டும். வாட்ஸ்அப் இல்லாத வீடுகளுக்குக் கம்பவுண்டர் அண்ணாவே போன் பண்ணி எழுதிக்கொள்வார். எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு எண் படிக்கத் தெரியாது. அவர் மகள், ஏழாம் வகுப்புப் பிள்ளை, படித்துச் சொன்னாள். எண் வராத வீட்டுக்கு எட்டு மணிக்குப் போன் போகும். இதே யோசனையை டில்லி அரசு 2020இலேயே செய்தது, வீட்டுத் தனிமையில் இருந்தவர்களுக்கு ஆக்சிமீட்டர் கொடுத்தது. இங்கிலாந்தும் அந்த ஆண்டு நவம்பரில் திட்டமாகவே கொண்டுவந்தது. எங்கள் தெருவில் ஐந்து கருவியும் ஒரு கம்பவுண்டரும் அதைச் செய்தார்கள்.

கொடுக்காத மருந்து

நாலாம் நாள் ஒரு உறவினர் வாட்ஸ்அப்பில் ஒரு மருந்துச் சீட்டு அனுப்பினார். "இதைத்தான் எல்லாருக்கும் குடுக்கறாங்க, ஸ்டீராய்டு சீக்கிரமே ஆரம்பிச்சிடணும்." டாக்டரிடம் காட்டினேன், கிட்டத்தட்டச் சண்டையே போட்டேன். மறுத்துவிட்டார்.

அவர் பக்கம் ஆதாரம் இருந்தது. 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு முடிவு வந்தது. டெக்ஸாமெதசோன், வெண்டிலேட்டரில் இருந்தவர்களின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் எதுவும் இல்லை. சில ரூபாய் மாத்திரைதான். எந்த நாளில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சீக்கிரம் கொடுத்தால் உடலின் எதிர்ப்பை அடக்கும், சர்க்கரையை ஏற்றும். கட்டுப்பாடில்லாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடலில்தான் கரும்பூஞ்சை அதிகம் வந்தது. 2021 மே 20 அன்று தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. அப்பா அன்று ஆஸ்பத்திரியில் இருந்தார். ஐந்து நாள் ஸ்டீராய்டுக்கே சர்க்கரை 380 போயிற்று, இன்சுலின் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். நாலாம் நாளே வீட்டில் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயம் புரிந்தது. தினமும் எண் வருகிறது என்ற தைரியம் இருந்ததால்தான் அவரால் மருந்து எழுதாமல் இருக்க முடிந்தது. நோயாளியை மறுபடி பார்ப்போமா என்று தெரியாத டாக்டர், எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவார்.

சேத்துப்பட்டில் ஏற்கெனவே கண்டது

இது புதுசும் இல்லை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஒரு சோதனையைத் தொடங்கியது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமா, நெரிசலான ஏழை வீடுகளிலேயே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. 193 நோயாளிகள், இரண்டு பிரிவு, ஒரு வருஷம். 1959இல் வெளியான முடிவு: வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். வீட்டில் கூட இருந்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்தும் தெரியவில்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்தச் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

எல்லோரும் 'வீட்டிலேயே குணமாகலாம்' என்ற பாதியைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். மீதிப் பாதி, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணியவர்கள், சிறுநீரைச் சோதித்து மருந்து சாப்பிட்டார்களா என்று பார்த்தவர்கள். வீட்டுச் சிகிச்சை என்று நாம் சொல்வது உண்மையில் அந்த ஆட்களின் உழைப்பு. எங்கள் கம்பவுண்டர் அண்ணாவின் எட்டு மணிப் போனும் அதே வேலைதான்.

இப்போது

டாக்டருக்கே 2021 ஜூனில் கோவிட் வந்தது. மூன்று வாரம் படுத்தார், அப்போதும் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது 71 வயது, காலையில் மட்டும் உட்காருகிறார். எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறது, பெரும்பாலும் ஓடுவதில்லை. ஏ.சி. போட்டுவிட்டதால் ஜன்னல் மூடியிருக்கிறது. ராத்திரி எண் கேட்கும் வழக்கம் நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதற்குப் பெரிய காரணம் இல்லை. ஒரு நோயாளிக்குப் பத்து நாளும் சேர்த்து அவர் வாங்கியது அதே 150 ரூபாய். நம் ஊரில் டாக்டரைப் பார்ப்பதற்குத்தான் காசு. டாக்டர் நம்மைத் தொடர்ந்து கவனிப்பதற்கு யாரும் கொடுப்பதில்லை. இங்கிலாந்தில் பதிவு செய்த ஆள் கணக்கில் பணம் போவதால், வராத நோயாளியும் அந்த டாக்டரின் பொறுப்பு. இங்கே 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரைக்கும் பி.பி.க்கும் வீடு தேடி வருகிறது. கவனிப்பதே ஒரு வேலை என்று ஏற்றுக்கொண்ட திட்டம் அது. தெரு டாக்டருக்கு அப்படி ஒரு ஏற்பாடும் இல்லை. அவர் செய்தது தனிமனிதரின் நல்ல மனசு. அடுத்த தொற்று வரும்போது அந்த மனிதர் அங்கே இருக்க வேண்டுமே.

போன வாரம் நோட்டை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஐந்து வரியையும் மேலிருந்து கீழே பார்த்தார். எட்டாம் நாளில் விரலை வைத்து, "இப்பப் பாத்தாலும் வயித்தைக் கலக்குது சார்" என்றார். பிறகு அப்பாவுக்கு இந்த மாதச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பார்த்து மூன்று மாதம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து அதே நோட்டில் புதுப் பக்கம் ஆரம்பித்திருக்கிறேன்.